நெஞ்சுக்குழி வலி என்று வந்தார், நாங்கள் கேஸ் ஊசி போட்டோம்

வயது 26, முதல் கர்ப்பம், 34 வாரம் 4 நாள். இரவு 9.40க்கு வந்தார். கேஸ் ஷீட்டில் முதல் வரி: "மேல் வயிற்று வலி, வாந்தி இருமுறை, காலையிலிருந்து லேசான தலைவலி." இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுதி வைத்துவிட்டு அதற்கு நேர் கீழே வாயுத் தொல்லை என்று எழுதும் அளவுக்கு எங்கள் கண் மறைந்திருந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன். வந்திருந்தது ப்ரீஎக்ளாம்ப்சியா, கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் நோய். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்களும் நடந்த வரிசையும் அப்படியே.

வந்தவுடன் உட்கார வைத்துப் பார்த்த பிபி 158/104. செவிலியர் சரியாகத்தான் பதறினார். அப்போது பார்த்த டாக்டர், "வலியில் ஏறியிருக்கும், இடதுபக்கமாகப் படுக்க வைத்து இன்னொரு தடவை பாருங்கள்" என்றார். பார்த்தார்கள். 142/92. சரி, இறங்கிவிட்டது. அமிலத்தைக் குறைக்கும் ஊசி ஒன்று, வாந்திக்கு ஒன்று, ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம்.

அந்த 142 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த கேஸின் முதல் பாடம். இடதுபக்கமாகப் படுத்திருப்பவருக்கு வலது கை மேலே இருக்கும். பிபி பட்டையை அந்தக் கையில் கட்டினால் அது இதயத்தைவிட உயரத்தில் இருக்கிறது. 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 7, 8 புள்ளி குறைத்துக் காட்டும். கர்ப்பிணியைப் பக்கவாட்டில் சாய்த்தால் தோளின் பாதி அகலமே 15, 20 சென்டிமீட்டர் வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவருடைய பிபி இறங்கவே இல்லை, கைதான் ஏறியிருக்கிறது. உட்கார வைத்து, முதுகுக்குச் சாய்மானம் கொடுத்து, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி, கைப் பருமனுக்கு ஏற்ற பட்டையைக் கட்டிப் பார்ப்பதுதான் பிபி. உங்களுக்குப் பிடித்த எண் வரும்வரை நோயாளியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பது வேறு விஷயம்.

நான் டியூட்டிக்கு வந்தது 10.35க்கு. வார்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு அவரிடம் போனபோது வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திப் பிடித்தபடி படுக்கையில் குறுக்கே உட்கார்ந்திருந்தார்.

"ஊசி போட்டாங்களே, வலி குறைஞ்சுதாம்மா?"

"இல்லை டாக்டர். எரிச்சலா இருந்தா எனக்குத் தெரியும். இது வேற மாதிரி, உள்ளே இருந்து யாரோ இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு. லைட்டைப் பார்த்தா கண்ணு கூசுது."

கண் கூசுகிறது என்ற அந்த ஒரு சொல் போதும். உட்கார வைத்து நானே பார்த்தேன், 172/112. முட்டியைத் தட்டினால் கால் உதைத்துக்கொண்டு வந்தது. பாதத்தை மேல்நோக்கிச் சட்டென்று மடக்கிப் பிடித்தால் நான்கைந்து தடவை துடித்துவிட்டுத்தான் நின்றது, அதாவது குளோனஸ், நரம்புகள் மிகையாகத் தூண்டப்பட்டிருப்பதன் அடையாளம். சிறுநீரில் டிப்ஸ்டிக் என்ற சோதனைப் பட்டையை வைத்தால் புரதம் 3+. அந்தச் சிறுநீர் 9.50க்கே பிடித்து வைத்தது, குப்பியில் பெயர் ஒட்டி மேசையில் அப்படியே இருந்தது.

20 வாரத்துக்குப் பிறகு புதிதாக 140/90 அல்லது அதற்கு மேல் பிபி, கூடவே சிறுநீரில் புரதம், அல்லது புரதம் இல்லாவிட்டாலும் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைவு, கல்லீரல் என்சைம் ஏற்றம், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் ஏற்றம், நுரையீரலில் நீர், புதிய தலைவலி, பார்வைக் குறைபாடு இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது ப்ரீஎக்ளாம்ப்சியா. 160/110ஐத் தொட்டால் தீவிரமானது. புரதம் கட்டாயமில்லை என்பதை இன்னமும் பலர் ஏற்றுக்கொள்ள மறுக்கிறார்கள், டிப்ஸ்டிக் நெகட்டிவ் என்று நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நெஞ்சுக்குழி வலி என்பது கல்லீரல் வீங்கி அதன் உறை இழுபடுவதால் வருவது. கேஸ் மாத்திரைக்கு அது அடங்காது, அடங்கினாலும் தற்செயல்தான்.

பழைய அட்டையைப் புரட்டினால் எல்லாம் அதிலேயே இருந்தது. 12 வாரத்தில் 110/70, 30 வாரத்தில் 128/84, 33 வாரத்தில் 136/88. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் 140க்குள்தான், அதனால் யாரும் வட்டம் போடவில்லை. கடைசி இரண்டு வாரத்தில் எடை இரண்டரை கிலோ ஏறியிருக்கிறது. சிறுவயதில் ஆஸ்துமா, இப்போதும் அவ்வப்போது இன்ஹேலர். இந்தக் கடைசி வரி எனக்கு அடுத்த ஐந்து நிமிடத்தில் தேவைப்பட்டது.

160/110க்கு மேல் 15 நிமிடம் நீடித்தால் அது அவசரநிலை, முப்பதிலிருந்து அறுபது நிமிடத்துக்குள் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். 10.50க்கு மறுபடி பார்த்தேன், 168/114. இதற்கு முதலில் எடுப்பது பெரும்பாலும் மூன்று மருந்துகள்தான். லேபெட்டலால் நரம்பு வழியாக, 20 மி.கி., பிறகு 40, பிறகு 80, பத்து நிமிட இடைவெளியில். ஹைட்ரலசின் நரம்பு வழியாக 5 மி.கி., இருபது நிமிடம் கழித்து தேவைப்பட்டால் 5 முதல் 10. நிஃபெடிபின் வாய்வழியாக 10 மி.கி., இருபது நிமிடம் கழித்து 20. எது கைக்கு முதலில் கிடைக்கிறதோ அதுதான் நல்ல மருந்து என்பது என் கட்சி, எது சிறந்தது என்று நின்று விவாதிக்க நேரமில்லை. இவருக்கு ஆஸ்துமா, ஆகவே மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடிய லேபெட்டலால் கிடையாது. வாந்தி நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்ததால் நிஃபெடிபின் 10 மி.கி. விழுங்கக் கொடுத்தோம். நாக்கடியில் பிழிந்துவிடும் பழைய வழக்கம் வேண்டாம். பிபி ஒரேயடியாகச் சரிந்தால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போகாது. இலக்கு 140-150க்கு 90-100, 120/80 அல்ல.

மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பற்றி ஒரு சின்ன விலகல். கீழ் எண் 110 ஆனால்தான் ஆபத்து என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லித்தரப்பட்டது. 2005இல் வந்த ஓர் ஆய்வு, தீவிர ப்ரீஎக்ளாம்ப்சியாவில் பக்கவாதம் வந்த 28 பெண்களைப் பின்னோக்கிப் பார்த்தது. பக்கவாதத்துக்குச் சற்று முன்பான பிபி 24 பேருக்குக் கிடைத்தது, அவர்களில் 23 பேருக்கு மேல் எண் 160ஐத் தொட்டிருந்தது. கீழ் எண் 110ஐத் தொட்டவர்கள் மூன்றே பேர். "கீழ்ப்பிபி பரவாயில்லையே" என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த மூன்றுதான் ஞாபகம் வரும்.

சரி, வலிப்பைத் தடுக்க மேக்னீசியம் சல்பேட். எங்களிடம் இருந்தது 50 சதவீதக் கரைசல், 2 மி.லி. ஆம்பூல், ஒவ்வொன்றிலும் 1 கிராம். நான்கு ஆம்பூலை உடைத்தால் 8 மி.லி., அதோடு 12 மி.லி. உப்புநீர் சேர்த்தால் 20 சதவீதத்தில் 20 மி.லி., அதாவது 4 கிராம். எழுதும்போது சுலபம். இரவு 11 மணிக்கு, மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, ஆம்பூல் கழுத்து உடையாமல் ஒன்று கையில் நொறுங்கி, வேறொன்று தேடி, "அக்கா, பன்னிரண்டா பதினாறா?" என்று புதிய செவிலியர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது சுலபமில்லை. இரண்டாவது ஊசிக் குழாய் பாதி நிரம்பியிருந்தபோது, 11.04க்கு, நோயாளியின் பேச்சு நடுவில் நின்றது. முகத்தின் ஒரு பக்கம் இழுத்தது, கண் மேலே போனது, பிறகு முழு உடம்பும்.

ப்ரீஎக்ளாம்ப்சியா முற்றி வரும் இந்த எக்ளாம்ப்சியா வலிப்பைப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் கை வழக்கமான வலிப்பு மருந்தான டயசெபாமுக்குத்தான் போகும். போகவேண்டாம். இடதுபக்கம் திருப்பினோம், கட்டிலின் பக்கக் கம்பிகளை ஏற்றினோம், ஆக்சிஜன் வைத்தோம், எச்சிலை உறிஞ்சினோம், வாய்க்குள் எதையும் திணிக்கவில்லை. 70 நொடியில் தானாக நின்றது, பெரும்பாலும் அப்படித்தான் நிற்கும். மேக்னீசியம் அந்த வலிப்பை நிறுத்துவதைவிட அடுத்ததைத் தடுப்பதற்குத்தான். 1995இல் வந்த கூட்டு எக்ளாம்ப்சியா ஆய்வு டயசெபாமையும் ஃபெனிடாயினையும் மேக்னீசியத்தோடு ஒப்பிட்டது. மறுவலிப்பு டயசெபாமைவிட 52 சதவீதமும் ஃபெனிடாயினைவிட 67 சதவீதமும் குறைவு. வலிப்பு வரும் முன்பே கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2002இல் மேக்பை ஆய்வு சுமார் 10,000 பெண்களிடம் பார்த்தது, எக்ளாம்ப்சியா பாதிக்கும் மேல் குறைந்தது. எங்கள் நோயாளிக்கு அந்தப் பாதிக்குள் வர வாய்ப்பிருந்தது. 9.40க்கும் 11.04க்கும் நடுவில் எண்பத்து நான்கு நிமிடம் இருந்தது.

4 கிராமைப் பத்து நிமிடத்தில் ஏற்றினோம், பிறகு மணிக்கு 1 கிராம் பம்ப்பில். இடுப்பில் இருபுறமும் 5 கிராம் போடும் முறை நல்ல முறைதான், பம்ப் இல்லாத இடத்தில் உயிர்காக்கும் முறை. ஆனால் பிளேட்லெட் எவ்வளவு என்று தெரியாதபோது தசையில் ஊசி போட எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் கட்டிக்கொள்ளும்.

வலிப்பு நின்றதும் குழந்தையின் இதயத்துடிப்பு 80. அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் எடுத்துவிட்டார். இது ரொம்ப முக்கியம்: வலிப்பின்போது தாய்க்கு ஆக்சிஜன் குறைவதால் குழந்தையின் துடிப்பு சில நிமிடம் இறங்கும், தாய் தேறினால் அதுவும் தேறும். அந்த நேரத்தில் வயிற்றைத் திறப்பதற்காக, நிலைப்படாத, பிபி 178/116 உள்ள பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூளைக்குள் ரத்தம் கசிய நாமே வழி செய்துகொடுக்கிறோம். அசையாமல் துடிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றோம். ஐந்தாவது நிமிடம் 110, எட்டாவது நிமிடம் 140. துடிப்பு ஏறாமல் இருந்தாலோ, வயிறு பலகை போல இறுகி ரத்தப்போக்கு தொடங்கினாலோ கதை வேறு, நஞ்சுக்கொடி பிரிந்திருக்கிறதா என்று உடனே யோசிக்க வேண்டும். இவருக்கு வயிறு மென்மையாகவே இருந்தது.

அரை மயக்கத்தில் வாய்வழியாக எதுவும் கொடுக்க முடியாது. ஹைட்ரலசின் 5 மி.கி., இருபது நிமிடம் கழித்து இன்னொரு 5. 11.50க்கு 152/98.

லேப் முடிவு வந்தபோது நெஞ்சுக்குழி வலியின் முழு விலாசமும் தெரிந்தது. பிளேட்லெட் 74,000, கல்லீரல் என்சைமான ஏஎஸ்டி 310, சிவப்பணு உடையும்போது ஏறும் எல்டிஎச் 980, பிலிருபின் 1.8, கிரியேட்டினின் 1.2. ரத்தத்துளியைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்ததில் உடைந்த சிவப்பணுத் துண்டுகள். ஹெல்ப் நோய்க்குறி. இந்தப் பெயரை 1982இல் வைத்தவர் லூயிஸ் வைன்ஸ்டீன். சிவப்பணு உடைதல், கல்லீரல் என்சைம் ஏற்றம், பிளேட்லெட் குறைவு ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். உதவி கேட்கும் சொல்லாகவும் அது அமைந்துவிட்டது. ஹீமோகுளோபின் 13.8. யாரோ "ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். 30 வாரத்தில் 11.2 இருந்தவருக்கு, அதுவும் சிவப்பணு உடைந்துகொண்டிருக்கும்போது, 13.8 எப்படி வரும்? ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து, உள்ளே இருப்பது கெட்டியாகியிருக்கிறது. நல்ல எண் போலத் தெரிந்த ஒரே எண், அதுவும் நோயின் வேலைதான்.

பிரசவம்தான் தீர்வு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 34 வாரம் கடந்துவிட்டது, வலிப்பு வந்துவிட்டது, ஹெல்ப் இருக்கிறது. எந்த வழி என்பதுதான் கேள்வி. வலிப்பு வந்தாலே சிசேரியன் என்று விதி எதுவும் கிடையாது, கருப்பைவாய் இளகி நன்றாக இருந்தால் வலி வரவைத்துப் பிரசவிக்கலாம். இவருக்கு மூடி, கல்லாக இருந்தது. 1.30க்கு பிளேட்லெட் 56,000 ஆனது. இன்னும் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது, சிசேரியன் முடிவானது. முதுகில் ஊசி போட மயக்க மருத்துவர் ஒப்பவில்லை, அந்த பிளேட்லெட்டில் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டும் பயம். முழு மயக்கம். குரல்வளையைத் திறந்து பார்க்கும் அந்த அரை நிமிடத்தில்தான் பிபி உச்சிக்குப் போகும் என்பதால் முன்கூட்டியே அடக்கிவைத்தார். தொண்டை வீங்கியிருக்கும் என்று எதிர்பார்த்து சிறிய குழாயைக் கையில் வைத்திருந்தார், அதுதான் தேவைப்பட்டது.

2.20க்குப் பெண் குழந்தை, 1.86 கிலோ, அழுதது. மூச்சுக்குக் கொஞ்சம் உதவி வேண்டியிருந்ததால் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போனது. கருப்பை சுருங்க ஆக்ஸிடோசின் மட்டும், எர்கோமெட்ரின் வகை எதுவும் தியேட்டர் மேசையிலேயே இருக்கக்கூடாது என்று முன்பே எடுத்துவைத்தோம், அது பிபியை ஏற்றிவிடும். பிளேட்லெட் பைகள் தயாராக இருந்தன, பிரிக்கவில்லை.

பிரசவம் ஆனதும் அறையில் ஒரு தளர்வு வரும். எனக்கு வந்தது. ஆனால் காலை 6 மணிக்கு, இரவு "பன்னிரண்டா பதினாறா" என்று கேட்ட அதே புதிய செவிலியர் ஓடிவந்து, "டாக்டர், முட்டி தட்டினா அசையவே இல்லை, யூரின் பையில நாலு மணி நேரத்துல எழுபதுதான்" என்றார். போய்ப் பார்த்தேன். மூச்சு நிமிடத்துக்கு 13. கண்ணிமை பாதி மூடியிருந்தது, கூப்பிட்டால் பதில் சொன்னார், குரல் தேய்ந்திருந்தது. மேக்னீசியம் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும், சிறுநீர் வரவில்லை, நாங்கள் ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். முட்டித் துடிப்பு, மூச்சு 16க்குக் குறையாமல், சிறுநீர் மணிக்கு 30 மி.லி. என்று மூன்றையும் பார்க்கச் சொல்வது இதற்குத்தான், முதலில் போவது முட்டித் துடிப்பு, அதற்குப் பிறகுதான் மூச்சு. பம்ப்பை நிறுத்தி, கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைத்திருந்த, மேக்னீசியத்துக்கு முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் 10 மி.லி.யை மெதுவாகக் கொடுத்தோம். மேக்னீசியம் அளவு 9.6 மி.கி. என்று வந்தது, கிரியேட்டினின் 1.7. மதியம் முட்டி மறுபடி உதைத்த பிறகு மணிக்கு அரை கிராமாகத் தொடங்கி, பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரம் வரை கொடுத்தோம்.

சிறுநீர் குறைவு என்றதும் ஒருவர், "500 மி.லி. வேகமாக ஏற்றலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கசியும் ரத்தக்குழாய்களுக்குள் ஊற்றும் நீர் நுரையீரலுக்குத்தான் போகும், இந்த நோயில் சிறுநீரகம் பெரும்பாலும் தானே தேறிவிடும், நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் ஐசியூதான். மேக்னீசியம், மருந்து கலந்த நீர் எல்லாம் சேர்த்து மணிக்கு 80 மி.லி. என்று பிடிவாதமாக நின்றோம். அன்று இரவு 9 மணிக்குமேல் பை நிறையத் தொடங்கியது. பிளேட்லெட் முதல் நாள் மாலை 41,000 வரை இறங்கியது, மறுநாள் 62,000, நான்காம் நாள் 1,18,000.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்று காகிதமெல்லாம் தயார். காலை பிபி 166/104, தலைவலி. பிரசவத்தோடு நோய் முடிந்துவிடும் என்று நாம் குடும்பத்துக்குச் சொல்லும் ஆறுதல் வார்த்தை பாதிதான் உண்மை, திசுக்களில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்பும் மூன்றிலிருந்து ஆறாம் நாள் வரைதான் பிபி உச்சத்துக்குப் போகும். அதே நாட்களில்தான் பலரும் வீட்டுக்குப் போகிறார்கள். ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு இல்லை. நீண்டநேரம் வேலை செய்யும் நிஃபெடிபினை உயர்த்தினோம், எட்டாம் நாள் 138/86இல் அனுப்பினோம். வீட்டில் தினம் இருவேளை பிபி பார்க்கவேண்டும், 150/100ஐத் தாண்டினால் அன்றே வரவேண்டும், தலைவலியோ கண் மங்கலோ நெஞ்சுக்குழி வலியோ வந்தால் எண் எதுவானாலும் வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம்.

போகும் நாளில் நோயாளியின் அம்மா துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்கும் இவ பிறக்கும்போது இப்படித்தான் வலிப்பு வந்துச்சுன்னு சொல்வாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை." நான் அட்டையைத் திறந்து பார்த்தேன், குடும்ப வரலாறு என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. முதல் கர்ப்பம், தாய்க்கு எக்ளாம்ப்சியா, இரண்டும் சேர்ந்தாலே 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருக்கலாம். ஆஸ்பிரின் எல்லோருக்கும் தடுத்துவிடாது, இவருக்குத் தடுத்திருக்குமா என்று சொல்ல முடியாது. ஆனால் "உங்க அம்மாவுக்குப் பிரசவத்தில் பிபி இருந்ததா?" என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது, யாரும் கேட்கவில்லை.

ஆறாவது வாரம் வந்தபோது பிபி 126/80, மருந்து நிறுத்தியாயிற்று, சிறுநீரில் புரதம் இன்னும் 1+, மூன்றாம் மாதம் மறுபடி பார்க்கவேண்டும். குழந்தை 3.1 கிலோ. அடுத்த கர்ப்பத்தில் மறுபடி வருமா என்று கேட்டார். வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், வராமலும் போகலாம், 12 வாரத்துக்குள் எங்களிடம் வந்துவிடுங்கள், ஆஸ்பிரின் தொடங்குவோம் என்றேன். வயதான பிறகும் பிபி, இதயநோய் ஆபத்து கூடுதலாக இருக்கும் என்பதால் வருடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளவும் சொன்னேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். வீட்டுக்குப் போன நாளிலிருந்து பார்த்த பிபியைத் தேதி போட்டு இருவேளையும் எழுதியிருந்தார், எந்தக் கை, உட்கார்ந்தா படுத்தா என்பது உட்பட.